லீவுக்கு வீட்டிலேயே செஞ்சு பார்க்கிற அறிவியல்: கிட் வேண்டாம், அளந்து பார்க்கிற மாதிரி என்ன இருக்கு?

ரெண்டு_வாலு_அம்மா | திருநகர், மதுரை | ஏப்ரல் 8

வணக்கம். பொண்ணு ஆறாங்கிளாஸ், பையன் ரெண்டாங்கிளாஸ். லீவு விடப் போறாங்க. ஸ்டெம் கிட்னு விக்கிற அறிவியல் பெட்டி எல்லாம் ஒரு மணி நேரத்துல ஒட்டி முடிச்சு, மறுநாள் பரண்ல போய்ச் சேருது. எரிமலை, எலுமிச்சை பேட்டரி ரெண்டும் ஆச்சு. "ஆ" சொல்லிட்டுப் போயிடுறாங்க.

எனக்கு வேணும்ங்கிறது இது தான்: திரும்பத் திரும்பச் செய்யலாம், ஒரு நோட்டுல எண் எழுதலாம், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏன் மாறுச்சுன்னு கேள்வி வரணும். கையில் இருக்கிறது மொட்டை மாடி, 1 கிராம் வரைக்கும் காட்டுற சமையல் தராசு, ஆர்.ஓ. தண்ணி, போர் தண்ணி. மொத்தச் செலவு 800 ரூபாய்க்குள்ள முடிஞ்சா நல்லது.

கூடவே ஒரு சந்தேகம். பேட்டரி செல், ரெண்டு ஊக்கு, காந்தம், காப்பர் கம்பிச் சுருள் வச்சு மோட்டார் செஞ்சோம். சுருள் அதிருது, சுத்த மாட்டேங்குது. எங்க தப்பு?

---

காயில்_கட்டு | கூடல்நகர்

அக்கா, அதிருதுன்னா கரண்டு ஓடுது. பாதிக் கிணறு தாண்டியாச்சு. ரெண்டு முனையிலயும் கம்பி மேல இருக்கிற எனாமல் பூச்சை முழுசாச் சுரண்டியிருப்பீங்க, அதான்.

சுருள் அரைச் சுத்து வந்ததும் காந்தம் அதைத் தள்ளுற திசை தலைகீழா மாறிடும். முதல் பாதியில முன்னால தள்ளுனது அடுத்த பாதியில பின்னால இழுக்கும். அதனால ஆட்டம் மட்டும் தான் மிச்சம். அந்த ரெண்டாவது பாதியில கரண்டை அறுத்துட்டா, வந்த வேகத்துலயே சுருள் அந்தப் பாதியைத் தாண்டிடும். அதுக்குத் தான் ஒரு முனையை முழுசா, இன்னொரு முனையை ஒரு பக்கம் மட்டும் சுரண்டணும்.

எப்படின்னா, சுருளை மேசை ஓரத்துல நிமிர்த்தி, அதாவது வட்டம் செங்குத்தா நிக்கிற மாதிரி பிடிச்சுக்கங்க. கம்பி முனை மேசை மேல படுத்திருக்கும். மேல் பக்கத்தை மட்டும் உப்புத்தாளால தேய்ங்க. கம்பியை உருட்டவே கூடாது, உருட்டுனா போச்சு. தேய்ச்ச பக்கம் செம்பு பளிச்சுன்னு தெரியணும், கீழ்ப்பக்கம் எனாமல் அப்படியே இருக்கணும். முழுசாச் சுரண்டிட்ட முனைக்குப் பாதிப் பக்கம் நகப்பூச்சு தடவிக் காயவிட்டாலும் போதும், புதுச் சுருள் கட்ட வேண்டியதில்ல.

முதல்ல இருந்து செய்றதா இருந்தா: மோட்டார் வைண்டிங் கடையில 26 கேஜ் எனாமல் கம்பி 3 மீட்டர் கேளுங்க, துண்டுக் கம்பியா கிடைக்கும். டார்ச்சுக்குப் போடுற பெரிய செல் மேலயே 15 சுத்து சுத்தி உருவுங்க. ரெண்டு பக்கமும் 5 செ.மீ. முனை விட்டு, அந்த முனையையே சுருள் மேல ரெண்டு தடவை இறுக்கிக் கட்டுங்க. ரெண்டு முனையும் ஒரே நேர்கோட்டுல, வட்டத்தோட நட்டநடுவுல இருக்கணும். இது தான் ரெண்டாவது முக்கியம். சரி பார்க்க, காந்தத்தை எடுத்துட்டு ஊக்கு மேல வச்சு விரலால சுண்டுங்க. எப்பவும் ஒரே பக்கம் கீழ வந்து நின்னா அந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி, முனையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வளைக்கணும்.

காந்தத்துக்கும் சுருளுக்கும் 3, 4 மி.மீ. இடைவெளி. பழைய ஸ்பீக்கர் காந்தம் எடுங்க. பிரிட்ஜ்ல ஒட்டுற ரப்பர் காந்தம் சரிப்படாது. சின்ன வெள்ளி நிறக் காந்தம் (நியோடிமியம்) நல்லாவே இழுக்கும், ஆனா ரெண்டாங்கிளாஸ் பையன் இருக்கிற வீட்டுல வேண்டாம். ரெண்டு காந்தத்தை முழுங்கிட்டா குடலை நடுவுல வச்சுக் கவ்விக்கும், ஆபரேஷன் வரைக்கும் போயிடும்.

இன்னொண்ணு. இந்தச் சுருளுக்கு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கால் ஓம் கூட வராது. கிட்டத்தட்ட செல்லை ஷார்ட் பண்ற கதை தான். 10, 15 செகண்ட் ஓட்டுங்க, எடுங்க. செல் சுட்டா ஆறவிடுங்க. பழைய மொபைல் பேட்டரியை மட்டும் தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஓடுனதும் நோட்டைத் திறங்க. 10 சுத்து, 15 சுத்து, 25 சுத்துன்னு மூணு சுருள் கட்டி, ஓரத்துல மார்க்கர் புள்ளி வச்சு, போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்து எண்ணச் சொல்லுங்க. சுத்து கூடுனா தள்ளுற பலமும் கூடும், ஆனா கனமும் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்தே கூடும். எது ஜெயிக்குதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். காந்தத்தைத் திருப்பி வச்சா எந்தப் பக்கம் சுத்தும்னு ஓட்டுறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கச் சொல்லுங்க.

---

சங்கு_நிழல் | தல்லாகுளம்

நீங்கள் கேட்டதற்குச் சரியாகப் பொருந்துவது நிழல் அளப்பது. நேரமும் கூடி வந்திருக்கிறது, ஒரு வாரம் தான் இருக்கிறது.

மதுரை வடக்கு அட்சம் 9.9 டிகிரியில் இருக்கிறது. வடக்கே நகரும் சூரியன் ஏப்ரல் 15, 16 வாக்கில், அதாவது சித்திரை பிறந்த கையோடு, நம் தலைக்கு நேர் மேலே வரும். தெற்கே திரும்பும்போது ஆகஸ்ட் 27 வாக்கில் இன்னொரு முறை. அந்த நண்பகலில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது.

நண்பகல் என்றால் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை 78.1. இடையில் 4.4 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம், ஆக ஏப்ரல் நடுவில் உச்சி வேளை 12:17. பூமியின் பாதை முழு வட்டம் இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதுவும் வருடம் முழுக்க நகரும். நவம்பர் தொடக்கத்தில் 12:01, பிப்ரவரி நடுவில் 12:32.

குச்சி நட்டு அளப்பதில் இரண்டு சிக்கல். முதலாவது, மொட்டை மாடித் தளம் மட்டமாக இருக்காது. மழைத் தண்ணீர் குழாய் பக்கம் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் வைத்துத் தான் பூசியிருப்பார். தளத்துக்குச் செங்குத்தாக நட்ட குச்சி உண்மையில் சாய்ந்த குச்சி. இரண்டாவது, சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 9 மி.மீ. அகலத்துக்கு மங்கிக் கிடக்கும். எங்கே அளப்பது என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: குச்சிக்குப் பதில் ஓட்டை. ஒரு ஏ4 அளவு அட்டையின் நடுவில் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். நாற்காலி முதுகில் பிளாஸ்டிக் ஸ்கேல் இரண்டைக் கட்டி, அதன் மேல் அட்டையைப் படுக்கையாக ஒட்டுங்கள். கீழே பழைய கேரம் போர்டு, அதன் மேல் சார்ட் பேப்பர். பேப்பரிலிருந்து ஓட்டை வரை சரியாக 1 மீட்டர் வர வேண்டும். நாற்காலி உயரம் போதாவிட்டால் செங்கல் வையுங்கள். ஓட்டை வழியாக நூலில் ஒரு நட்டு கட்டித் தொங்கவிட்டால் அது தூக்குக்குண்டு. ஆட்டம் நின்றதும் அது தொடும் இடத்தைக் குறியுங்கள். அது தான் அடிப்புள்ளி. அடிப்புள்ளி தூக்குக்குண்டு சொன்னது என்பதால் பலகை லேசாகச் சாய்ந்திருந்தாலும் பெரிய பிழை வராது.

நூலை எடுத்துவிட்டால், அட்டையின் நிழலுக்கு நடுவே 12 மி.மீ. அகலத்தில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். ஓட்டை முக்கோணமாக இருந்தாலும் அது ஏறக்குறைய வட்டமாகத் தான் தெரியும், ஏனென்றால் விழுவது சூரியனுடைய படம். 11:55 முதல் 12:40 வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை வட்டத்தின் நடுவில் பென்சில் புள்ளி வைத்து, பக்கத்தில் மணி எழுதட்டும். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக நகரும், 5 நிமிடத்துக்கு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக. அடிப்புள்ளிக்கு மிக அருகில் வந்த நேரமே உங்கள் வீட்டு உச்சி வேளை.

இதை வாரம் ஒரு முறை செய்தால் போதும். ஏப்ரல் 16க்கு முன்பு உச்சி வேளைப் புள்ளி அடிப்புள்ளிக்கு வடக்கே விழும். அதற்குப் பிறகு தெற்கே. மே 15 வாக்கில் 15 செ.மீ. சொச்சம், ஜூன் 21இல் 24 செ.மீ. சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் என்று படத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நம் ஊரில் ஆனி மாத வெயில் வடக்கு ஜன்னலில் அடிப்பது ஏன் என்று அப்போது புரியும். மார்கழியில், டிசம்பர் 21 வாக்கில், வடக்கே 66 செ.மீ. வரை போய்விடும், அப்போது சார்ட் பேப்பரை ஒட்டுப்போட வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி. சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அதே ஏப்ரல் 16 அன்று அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். அங்கே உச்சி வேளை 12:09. நமக்குப் புள்ளி அடியிலேயே விழும்போது அவர்களுக்கு 1 மீட்டர் உயரத்துக்கு 5.5 செ.மீ. வடக்கே விழும். 5.5ஐ 100ஆல் வகுத்து, கால்குலேட்டரில் tan⁻¹ போட்டால் வரும் சாய்வு 3.15 டிகிரி. 360 டிகிரியில் அது 114இல் ஒரு பங்கு. மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரம் 350 கி.மீ. பெருக்கினால் 40,000 கி.மீ., பூமியின் சுற்றளவு. எரடோஸ்தனிஸ் 2200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கு இதே தான். இதில் எல்லாரும் வழுக்குகிற இடம் தூரம்: பஸ் போகும் 460 கி.மீ.யைப் போட்டால் விடை 52,000க்கு மேல் எகிறிவிடும். வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேர் வடக்காக அளக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றே ஒன்று: ஓட்டை வழியாகச் சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது. கீழே விழும் படத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

---

ரெண்டு_வாலு_அம்மா

காயில் கட்டு அண்ணே, சுத்துது! நகப்பூச்சு வைத்தியம் பலிச்சுது. சங்கு நிழல் சார், அட்டை ஒட்டியாச்சு, சென்னை சித்திக்கும் போன் போட்டாச்சு. ஆனா சின்னவனுக்கு 5 நிமிஷம் சும்மா உக்கார்றதே தண்டனை. அவனுக்குன்னு கையை நனைக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

---

அடுப்படி_ஆய்வகம் | சிம்மக்கல்

சின்னவனுக்கு சங்குப்பூ. வேலியில நீலமா பூத்துக் கிடக்கிறது தான். 20 பூ, காம்பும் பச்சைப் புல்லியும் கிள்ளிட்டு, 250 மில்லி கொதிக்கிற ஆர்.ஓ. தண்ணியில 5 நிமிஷம் போட்டு வடிகட்டுங்க. நல்ல நீலம் இறங்கும். சில்வர் டம்ளர்ல ஊத்துனா நிறம் தெரியாது. கண்ணாடி டம்ளர் இல்லன்னா வெள்ளைக் கிண்ணம்.

ஒவ்வொண்ணுலயும் 30 மில்லி ஊத்தி, எலுமிச்சைச் சாறைச் சொட்டு சொட்டா விடச் சொல்லுங்க. நீலம் ஊதாவாகி அப்புறம் ரோஸுக்குப் போகும். கோலி சோடா விட்டா ஊதாவோட நிக்கும். ஆப்ப சோடாவுல பச்சை கலந்த நீலம். வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வச்ச மேல் தண்ணியில பச்சை, கொஞ்ச நேரத்துல அந்தச் சாயமே சிதைஞ்சு மஞ்சளாகும். சுண்ணாம்பை மட்டும் பெரியவங்க கையாளுங்க, கண்ணுல பட்டா கெடுத்துரும். எத்தனை சொட்டுல நிறம் மாறுதுங்கிறது தான் நோட்டுக்குப் போற எண்.

இங்க நிறைய பேர் சொதப்புறது, பூவைப் போர் தண்ணியில கொதிக்க வைக்கிறது. நம்ம பக்கத்துப் போர் தண்ணி உப்பும் காரமுமா இருக்கும், எடுத்ததுமே நிறம் பச்சைப் பக்கம் சாஞ்சிரும். அது தப்பாப் போனாலும் நல்லது தான், "ஏன் இந்தத் தண்ணி மட்டும்?"னு கேப்பான். அங்க இருந்து அடுத்ததுக்குப் போங்க.

அடுத்தது கடினத் தண்ணி. குளிக்கிற சோப்பைத் துருவி 10 கிராம் எடுத்து 1 லிட்டர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணியில கரைங்க. 1 கிராம் மட்டும் நிறுத்து 100 மில்லியில கரைக்கலாமேன்னு நினைக்காதீங்க. 1 கிராம் காட்டுற தராசுல 1 கிராம் நிறுத்தா, அரை கிராம் இங்கிட்டு அங்கிட்டு போகும், பாதிக்குப் பாதி தப்பு. 10 கிராமுக்கு அதே அரை கிராம் பெருசில்ல.

சோப்பு உறையைப் பாருங்க. "டாய்லெட் சோப், கிரேடு 1"னு போட்டு டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருளோட சதவீதம்) 76க்கு மேல இருக்கணும். "பாதிங் பார்"னு போட்டதுல வேற நுரைப்பொருள் கலந்திருக்கலாம். ஷாம்பு, துணிப் பவுடர் எல்லாம் இதுக்கு ஆகாது, அதெல்லாம் உப்புத் தண்ணியிலயும் நுரைக்கிறதுக்குன்னே செஞ்சது.

ஒரே மாதிரி மூணு அரை லிட்டர் பாட்டில். ஆர்.ஓ., கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி, போர் தண்ணி, ஒவ்வொண்ணும் 50 மில்லி. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சால சோப்புத் தண்ணியை 1 மில்லி விடு, மூடு, 10 செகண்ட் குலுக்கு, வை. 1 செ.மீ. நுரை 1 நிமிஷம் அப்படியே நின்னா முடிஞ்சுது. நிக்கலன்னா இன்னொரு மில்லி. குலுக்குற வேலையைச் சின்னவனுக்கும் கணக்கைப் பெரியவளுக்கும் குடுங்க.

ஆர்.ஓ.வுல ஒண்ணு ரெண்டு மில்லியிலயே நுரை நின்னுரும். போர் தண்ணியில வெள்ளையாத் திரிதிரியா மிதக்கும், நுரை வராது. தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடிச்சுக் கரையாத அழுக்கா மாத்துது. அது அத்தனையும் தீர்ந்த பிறகு தான் நுரைக்கே சோப்பு மிஞ்சும். பாத்ரூம் டைல்ஸ்ல படியிற வெள்ளையில பாதி இது தான்.

அப்புறம் அதே போர் தண்ணியை 10 நிமிஷம் நல்லாக் கொதிக்கவிட்டு, ஆறவச்சு, வடிகட்டி, மறுபடி 50 மில்லி எடுத்துப் பாருங்க. சோப்பு குறைவாச் செலவாகும். குறைஞ்ச பங்கு பாத்திரத்து அடியில வெள்ளைப் படிவமா ஒட்டியிருக்கும். கொதிச்சும் குறையாத மிச்சம் நிரந்தரக் கடினத்தன்மை. ஆறாங்கிளாஸ் பொண்ணு இதைப் பார் வரைபடமாப் போட்டா, தெருவுல நாலு வீட்டுத் தண்ணி வாங்கி வந்துரும் பாருங்க.

மூணாவது, மதுரையில இருந்துக்கிட்டு ஜிகர்தண்டாவை விட்டா எப்படி? பாதாம் பிசின் 20 கிராம் வாங்கி, கட்டியை ஒரே அளவுத் துண்டா உடைச்சு நாலு பங்கு. ஒரு பங்கு பச்சைத் தண்ணி, ஒண்ணு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் உப்பு போட்ட தண்ணி, ஒண்ணு சர்க்கரைத் தண்ணி, ஒண்ணு பால். ஒவ்வொண்ணுலயும் அரை லிட்டர் வேணும், கம்மியா ஊத்துனா பிசின் தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு நின்னுரும், அது தோத்ததுன்னு தப்பா எழுதிருவாங்க. ராத்திரி பிரிட்ஜ்ல வைங்க. இந்த வெயில்ல வெளிய வச்சா பால் திரியும், பிசினும் புளிக்கும். காலையில வடிகட்டியில 10 நிமிஷம் சொட்டவிட்டு எடை போடுங்க. உப்புத் தண்ணியில ஊறுனது இளைச்சுப் போயிருக்கும். எத்தனை மடங்குன்னு நான் சொல்லல, தராசு சொல்லட்டும். பச்சைத் தண்ணியில ஊறுனதை வீணாக்க வேண்டாம், நன்னாரி சர்பத்தும் பாலும் இருந்தா அன்னைக்குச் சாயங்காலம் சோலி முடிஞ்சது.

---

மோல்_கணக்கு | அனுப்பானடி

எரிமலையை எல்லாரும் கரிச்சுக்கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குற்றம் பொங்குவதில் இல்லை, பொங்கியதை அளக்காமல் விடுவதில் தான்.

ஒரு முறை வாயால் ஊதி விட்ட 12 இன்ச் பலூனுக்குள் புனல் வைத்து 5 கிராம் ஆப்ப சோடா போடுங்கள். (அடுப்படி சொன்ன தராசுப் பிரச்சினை இங்கும் உண்டு: ஒரு ஸ்பூனைத் தலை தட்டி 10 ஸ்பூன் நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு ஸ்பூனின் எடை கிடைத்துவிடும்.) அரை லிட்டர் பாட்டிலில் வினிகர். பலூனை வாயில் மாட்டி, நிமிர்த்தி, குலுக்குங்கள். முழுதாக அடங்கியதும் பலூனின் பருத்த இடத்தில் நூல் சுற்றி அளந்து, நூலை ஸ்கேலில் வையுங்கள். வினிகர் 20, 40, 60, 80, 100, 120 மில்லி என்று ஆறு முறை. சோடா மாறக் கூடாது.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீத வினிகர். 5 கிராம் சோடாவை முழுதாகத் தின்ன அதில் 90 மில்லி வேண்டும். ஆகவே 80 வரை பலூன் வளரும், 100க்கும் 120க்கும் வித்தியாசம் இருக்காது. எது தீர்ந்தது, எது மிஞ்சியது என்பதைக் குழந்தை அந்த இடத்தில் பிடித்துவிடும். வரக்கூடிய கரியமில வாயு ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, சுற்றளவு 42, 43 செ.மீ. கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்துவிடுவதால் கணக்கை விடச் சற்றுக் குறையும்.

பொறி ஒன்று உண்டு. 40 மில்லிக்கு 34 செ.மீ. என்றால் 80க்கு 68 வராது, 43 தான் வரும். கன அளவு இரட்டிப்பானால் சுற்றளவு 1.26 மடங்கு தான் கூடும். "சோடா கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். சுற்றளவிலிருந்து ஆரம், ஆரத்திலிருந்து கன அளவு என்று கணக்குப் போட்டுப் பிறகு வரைபடம் போடச் சொல்லுங்கள், கோடு நேராகும். புதுப் பலூன் முதல் முறை விறைப்பாக இருக்கும், அதனால் தான் முதலில் ஒரு முறை வாயால் ஊதி விடச் சொன்னேன். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு. அதில் சோடாவோடு மாவும் அமிலமும் கலந்திருக்கும்.

---

பம்ப்செட் | மேலூர்

சின்னவனுக்கு ஜே.சி.பி. பிடிக்கும்னா: 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்சு, மீன் தொட்டி காத்து டியூப் அரை மீட்டர். தண்ணி நிரப்பி ரெண்டையும் மாட்டி, ஒருத்தர் சின்னதை அமுக்க, இன்னொருத்தர் பெருசைக் கட்டை விரலால தடுக்கட்டும். சின்னது ஜெயிக்கும், ஆனா நிறைய தூரம் அமுக்கணும். ரெண்டுலயும் 5 மில்லிக் கோடு எத்தனை மி.மீ. நீளம்னு ஸ்கேல் வச்சு அளந்தா, அந்த விகிதம் தான் பலத்தோட விகிதம். ஸ்பிரிங் மாதிரி துள்ளுனா உள்ள காத்து இருக்கு. வாளித் தண்ணிக்குள்ள முக்கி வச்சே மாட்டுங்க. அட்டைக் கை செஞ்சு தீக்குச்சி ஊக்கு போட்டா கட்டை தூக்கும். இறுக்கமா இருந்தா ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய்.

---

காயில்_கட்டு

மேலூர் அண்ணே, எண்ணெய் வேண்டாம். உள்ள இருக்கிற ரப்பர் ரெண்டு நாள்ல உப்பிக்கும், அப்புறம் அசையவே அசையாது. மெடிக்கல்ல கிளிசரின் வாங்கித் தடவுங்க.

---

அடுப்படி_ஆய்வகம்

மறந்துட்டேன். மானாமதுரைப் பானை இருந்தா ஒண்ணு. பெயிண்ட் அடிச்ச பானை வேண்டாம், துளை அடைஞ்சிரும். புதுசுன்னா ஒரு நாள் ஊறப்போடணும். பானையில 1 லிட்டர், சில்வர் தூக்குல 1 லிட்டர், ரெண்டும் நிழல்ல, காத்து வர்ற இடத்துல. அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரும் தராசும். 1 கிராம் தண்ணி ஆவியாகப் போனா கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பத்தை எடுத்துட்டுப் போகும், அதாவது 1 லிட்டர் தண்ணியை அரை டிகிரிக்கு மேல குளிர வைக்கிற அளவு. எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு பார்த்துட்டு எத்தனை டிகிரி குறைஞ்சிருக்கணும்னு கணக்குப் போட்டா, நிஜத்துல அதை விடக் கம்மியாத் தான் குறைஞ்சிருக்கும். மிச்சம் வெளிய இருக்கிற சூடு உள்ள வந்த கணக்கு. இதை ஐப்பசி மழையில செஞ்சா ஏமாறுவீங்க, காத்துல ஈரம் இருந்தா பானை வேர்க்காது.

---

ரெண்டு_வாலு_அம்மா | ஏப்ரல் 16

சங்கு நிழல் சார், புள்ளி அடியில விழுந்துச்சு! தெற்கு வடக்குல 3 மி.மீ. கூட வித்தியாசம் இல்ல. ஆனா நீங்க சொன்ன 12:17 இல்ல, 12:21க்குத் தான் அடிப்புள்ளியைத் தாண்டுச்சு. போன் கடிகாரம் தான் பார்த்தோம்.

---

சங்கு_நிழல்

போன் கடிகாரம் தப்பாது. 4 நிமிடம் என்றால் 17 மி.மீ. உங்கள் அடிப்புள்ளி அவ்வளவு கிழக்கே தள்ளியிருக்கிறது. குறித்தபோது நூல் காற்றில் ஆடியிருக்கலாம், அல்லது குறித்த பிறகு நாற்காலி நகர்ந்திருக்கலாம். எதையும் தொடாமல் மறுபடி தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். தெற்கு வடக்கு சரியாக இருப்பதைப் பார்த்தால் நாற்காலி நேர் மேற்கே இடிபட்டது போலத் தெரிகிறது.

---

ரெண்டு_வாலு_அம்மா

விட்டுப் பார்த்தோம். பழைய குறிக்கு மேற்கே ஒன்றரை செ.மீ. தள்ளித் தொடுது. கேட்டா சின்னவன் முழிக்கிறான். நாலு காலுக்கும் செங்கல் வச்சாச்சு. நாளைக்கு 6 மி.மீ. தெற்கே விழும்னு பொண்ணு இப்பவே எழுதி வச்சிருக்கா.